மார்க்கு எவ்வளவு, சீட்டு யாருக்கு? – மைசூர் மாநிலத் தொழிற்கல்விச் சேர்க்கையும் தங்கவயல் தமிழரும்

மே மாதம் பிறந்துவிட்டால் நம் தங்கவயலில் ஒரே பேச்சுதான். "எத்தனை மார்க்கு? சீட்டு கிடைக்குமா?" என் பாத்திரக் கடைக்கு குக்கர் கேஸ்கட் வாங்க வருகிறவர்கூட கேஸ்கட்டை மறந்துவிட்டு மகனின் மார்க்கு லிஸ்டை எடுத்து என் முன்னால் விரிக்கிறார். நான் பட்டம் பெற்ற ஆய்வாளன் அல்லன். பி.யூ.சி.யோடு படிப்பை நிறுத்தி, அப்பா வைத்த கடையில் உட்கார்ந்தவன். மதிய நேரத்தில் வியாபாரம் குறைவாக இருக்கும்போது பழைய கெஜட்டியர், கல்வெட்டுத் தொகுதி, கோர்ட்டு தீர்ப்பு என்று கையில் கிடைத்ததைப் படிக்கும் பழக்கம் 40 வருடமாக உண்டு. நம் சங்கத்து மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று கேட்டபோது, இந்த மே மாதக் கேள்வியையே எடுத்துக்கொண்டேன்.

நம் ஊருக்கு இந்தக் கேள்வி ஏன் இத்தனை பெரிதாயிற்று என்பதற்கே ஒரு வரலாறு இருக்கிறது. 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கியது. வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து நம் முன்னோர் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். என் தாத்தாவின் ஊர் வந்தவாசிப் பக்கம். வந்தவர்களில் மிகப் பலர் நிலமில்லாத ஒடுக்கப்பட்ட மக்கள். 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இறங்கி உழைத்தவர்கள். 1956ல் சுரங்கம் மைசூர் அரசின் கைக்கு வந்தது. 1972ல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது. அப்பா இறங்கிய சுரங்கத்தில் மகனும் இறங்குவான். அதற்கு யாரும் மார்க்கு கேட்டதில்லை. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அன்றிலிருந்து நம் பிள்ளைகளுக்கு இரண்டே வழி: விடியற்காலை மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போவது, அல்லது படித்து மேலே போவது. அதனால்தான் மார்க்கு லிஸ்டைப் பார்க்கும்போது தகப்பனாரின் கை நடுங்குகிறது.

மார்க்கு முக்கியமா என்றால், முக்கியம்தான். ஆனால் மார்க்கு மட்டுமே இடம் கொடுத்த காலம் நம் நாட்டில் அநேகமாக இருந்ததில்லை. மார்க்கோடு வேறு ஏதோ ஒன்றையும் சேர்த்துத்தான் எடை போட்டிருக்கிறார்கள். அது என்ன, எத்தனை பங்கு என்று தெரிந்தவர் வீட்டுப் பிள்ளை உள்ளே போயிற்று. தெரியாதவர் வீட்டில் பிள்ளையைத் திட்டினார்கள். இதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருகிறேன்.

தகுதி வேறு, தேர்வு வேறு

நம் பழைய ஆவணங்களிலேயே இந்த வேறுபாடு தெளிவாக இருக்கிறது. உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. வாரியத்துக்கு வருகிறவருக்கு இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், படிப்பும் இருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் நீளுகின்றன. இவை எல்லாம் இருந்தாலும் பதவி கிடைத்துவிடாது. பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். நிபந்தனை என்பது வாசற்படி, குடவோலைதான் நாற்காலி.

இன்றும் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் இரண்டு பிள்ளைகளின் மார்க்கும் மற்ற எல்லாமும் சமமாக வந்துவிட்டால், கம்ப்யூட்டர் கொடுக்கும் சமவாய்ப்பு எண்தான் முந்தியவர் யார் என்று முடிவு செய்கிறது. பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்கும் கடைசியில் ஒரு குடவோலை!

சென்னை ராஜதானியின் 14 இடங்கள்

நம் வீடுகளில் ஒரு கால் இங்கே, ஒரு கால் தமிழ்நாட்டிலே. ஆகவே சென்னைக் கதையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே வகுப்புவாரி அரசாணை என்று ஒன்று இருந்தது. 1950 வாக்கில் அதன்படி 14 இடங்களை ஒரு கட்டாக வைத்துக்கொள்வார்கள். அதில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. ஒவ்வொரு பங்குக்குள்ளும் மார்க்கு வரிசை.

அப்போது சென்னை மாநிலத்தில் 4 மருத்துவக் கல்லூரிகள். மொத்தம் 330 இடங்கள். பொறியியலுக்கும் 4 கல்லூரிகள், 395 இடங்கள். செண்பகம் துரைராஜன் மருத்துவத்துக்காகவும், ஸ்ரீநிவாசன் என்ற மாணவர் பொறியியலுக்காகவும் வழக்குப் போட்டார்கள். ஸ்ரீநிவாசன் விருப்பப் பாடங்களில் 450க்கு 369 வாங்கியவர். 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த அரசாணை செல்லாது என்றது. தமிழகத்தில் பெரிய கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டு அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. 15வது பிரிவில் 4வது உட்பிரிவு சேர்க்கப்பட்டது. சமூகத்தில் பின்தங்கியவர்களுக்காக அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்ற வாசல் அப்படித்தான் திறந்தது. அந்த வாசல் இல்லாவிட்டால் நம் சுரங்கத் தொழிலாளி வீட்டில் ஒரு டாக்டர்கூட வந்திருக்க முடியாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மைசூரின் 68 சதவீதம்

இப்போது நாம் குடியிருக்கும் மண்ணுக்கு வருவோம். மைசூர் சமஸ்தானம் இந்த விஷயத்தில் முன்னோடி. 1918ல் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார், சர் லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு குழு போட்டார். பிராமணரல்லாத வகுப்பார் அரசு வேலையிலும் படிப்பிலும் பின்தங்கியிருப்பதை ஆராய்வதுதான் அதன் வேலை. திவானாக இருந்த சர் எம். விஸ்வேஸ்வரய்யாவுக்கு இதில் உடன்பாடு இல்லை. தகுதிதான் முதலில் என்பது அவர் கட்சி. அந்த ஆண்டிலேயே அவர் பதவி விலகியதற்கு இந்தக் கருத்து வேறுபாடும் ஒரு காரணம். அவர் முயற்சியால் 1917ல் பெங்களூரில் தொடங்கிய பொறியியல் கல்லூரிக்குத்தான் பின்னாளில் நம் பிள்ளைகள் ஏங்கி நின்றார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1962 ஜூலை 31ஆம் தேதி மைசூர் அரசு ஓர் ஆணை போட்டது. பொறியியல், மருத்துவக் கல்லூரிகளில் பிற்பட்டவருக்கு 28, மிகவும் பிற்பட்டவருக்கு 22, தாழ்த்தப்பட்டவருக்கு 15, பழங்குடியினருக்கு 3. கூட்டிப் பார்த்தால் 68 சதவீதம். மீதி 32தான் பொது. பாலாஜி என்பவரும் மற்றவர்களும் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். இரண்டே மாதத்தில், செப்டம்பர் 28ஆம் தேதி, அந்த ஆணை ரத்தானது. சாதியை மட்டும் வைத்துப் பின்தங்கிய நிலையை அளக்கக் கூடாது, ஒதுக்கீடு பொதுவாகப் பாதிக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்றது தீர்ப்பு. இன்றைக்கு நாடு முழுவதும் பேசுகிற 50 சதவீத வரம்பு பிறந்தது நம்ம மைசூர் மாநிலத்து வழக்கில்தான்.

300ம் 75ம்

அடுத்த ஆண்டு நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்கு உயிர். 1963 ஜூலையில் அரசு இரண்டு காரியம் செய்தது.

முதல் காரியம் ஜூலை 6ஆம் தேதிக் கடிதம். பொறியியல் சேர்க்கைக்கு விருப்பப் பாடங்களின் மார்க்கோடு நேர்முகத்தின் மார்க்கையும் கூட்ட வேண்டும். பரீட்சை மார்க்கின் உச்ச அளவில் 25 சதவீதத்தை நேர்முகத்துக்கு வைக்க வேண்டும் என்றது கடிதம். தேர்வுக் குழு பாட மார்க்கை 300க்கு மாற்றி, நேர்முகத்துக்கு 75 வைத்தது. பொது அறிவு, ஆளுமை, முந்தைய படிப்பில் பெற்ற சிறப்பு, என்.சி.சி., விளையாட்டு, சமூக சேவை, பேச்சுப் போட்டி, நாடகம் ஆகியவை அந்த 75க்கான தலைப்புகள்.

வியாபாரி என்ற முறையில் நான் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மொத்தம் 375. அதில் 75 என்பது ஐந்தில் ஒரு பங்கு. ஒரு பையன் பாடத்தில் 216 வாங்கி, நேர்முகத்தில் 20 வாங்கினால் 236. இன்னொருவன் பாடத்தில் 190தான். நேர்முகத்தில் 50 கொடுத்துவிட்டால் 240. வருடம் முழுக்கக் கண்விழித்துப் படித்த 26 மார்க்கு வித்தியாசம், அரை மணி நேரப் பேச்சில் கரைந்துபோகும்.

இரண்டாவது காரியம் ஜூலை 26ஆம் தேதி ஆணை. பாலாஜி தீர்ப்புக்குப் பிறகு சாதியை விட்டுவிட்டு, வருமானமும் தொழிலுமாகப் பின்தங்கிய நிலையை அளந்தார்கள். குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,200 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. தொழில், நேரடியாக உழுகிறவர், கைவினைஞர், சிறு வியாபாரி, கடைநிலை ஊழியர், உடல் உழைப்பாளி இவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். இப்படிப்பட்டவருக்கு 30 சதவீதம். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 18. வாசகர்கள் இந்த இடத்தை இன்னொரு தடவை படிக்க வேண்டுகிறேன். உடல் உழைப்பாளி என்றால் நம் சுரங்கத் தொழிலாளி. சிறு வியாபாரி என்றால் ஆண்டர்சன்பேட்டையில் கடை வைத்திருந்த எங்கள் அப்பா மாதிரி ஆள்.

சீட்டு கிடைக்காத சிலர் மைசூர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நேர்முகம் வைப்பது சரி, தலைப்புகளும் சரி, ஆனால் தேர்வுக் குழு தன் அதிகாரத்தைச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்று சொல்லி, நடந்த நேர்முகங்களை நீதிமன்றம் ரத்து செய்தது. அரசின் திட்டப்படி மறுபடி நேர்முகம் நடத்தும்படி உத்தரவிட்டது. சித்ரலேகா வழக்கு என்று பெயர் பெற்ற இது உச்ச நீதிமன்றத்துக்கும் போயிற்று. 1964 ஜனவரியில் நீதிபதி சுப்பாராவ் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு நேர்முக முறையை ஏற்றுக்கொண்டது. நீதிபதி முதோல்கர் மட்டும் மாறுபட்டார்.

எங்கள் வீட்டில் நடந்தது

இந்த வரலாறு எனக்குப் புத்தகத்தில் தெரிந்ததற்கு முன்பே வீட்டில் தெரியும், அரைகுறையாகத் தெரியும். என் பெரியண்ணன் 1963ல் பெங்களூரில் உறவுக்காரர் வீட்டில் தங்கிப் பி.யூ.சி. முடித்தவர். கணக்கு, பௌதிகம், ரசாயனம் மூன்றிலும் நல்ல மார்க்கு. 100க்கு 72 வீதம் வரும். எனக்கு அப்போது 6 வயது. அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நேர்முகத்துக்குப் போன நாளும், திரும்பி வந்து சாப்பிடாமல் படுத்ததும் மங்கலாக நினைவிருக்கிறது. "என்.சி.சி.யிலே இருந்தியா, நாடகத்திலே நடிச்சியான்னு கேட்டாங்கம்மா. நான் ஒண்ணும் சொல்லலே" என்று அம்மாவிடம் சொன்னாராம். சீட்டு வரவில்லை.

அப்பா கோபக்காரர் அல்ல. ஆனால் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கடைசிவரை மனம் ஆறவில்லை. "மார்க்கு வாங்கத் தெரிஞ்சுது, வாய் திறக்கத் தெரியலையே" என்பார். கடையில் கணக்கு ஒரு பைசா தப்பினாலும் இது வந்துவிடும். அண்ணன் பதில் பேசமாட்டார். இன்னும் கொஞ்சம் மார்க்கு வாங்கியிருந்தால் பேச்சே தேவைப்பட்டிருக்காது, தப்பு தன்னுடையதுதான் என்று அவரே நம்பிவிட்டார். 1965ல் நம் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் நியூட்ரினோ ஆய்வு நடத்தியதை உலகமே பேசியது. பௌதிகத்தில் ஆசை வைத்த என் அண்ணன் அப்போது கடையில் சொம்பு நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சுமார் 15 வருடத்துக்கு முன் பெங்களூர் அவென்யூ ரோடு பழைய புத்தகக் கடையில் 1964ஆம் வருடத்துத் தீர்ப்புத் தொகுதி ஒன்று எனக்குக் கிடைத்தது. ரயிலில் புரட்டிக்கொண்டு வந்தபோது இந்த வழக்கு கண்ணில் பட்டது. 300, 75, நேர்முகம் ரத்து, மறுபடி நடத்த உத்தரவு, 1,200 ரூபாய், சிறு வியாபாரி. பங்காருப்பேட்டை வந்தது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் அந்த வருடத்துப் பேரேட்டைப் பரணிலிருந்து இறக்கினேன். பற்று வரவு பார்த்ததில் வீட்டுச் செலவுக்கு அப்பா எடுத்தது மாதம் 95 ரூபாய். அதற்கு மேல் லாபம் என்று ஒன்றும் நிற்கவில்லை. வருடத்துக்கு 1,140 ரூபாய். ஒரு வருமானச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்திருந்தால் அண்ணன் வேறு வரிசையில் நின்றிருப்பார். நேர்முகம் ரத்தான செய்தியும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்தது சென்னைப் பத்திரிகை. பெங்களூர் அரசாணையை அதில் எங்கே தேடுவது? ஜூலை மாதம் ஆணை வந்தபோது அப்பா ஏற்கனவே அண்ணனுக்குக் கடைச் சாவியைக் கொடுத்துவிட்டிருந்தார்.

அண்ணனுக்கு அநியாயம் நடந்தது என்று நான் சொல்லவில்லை. நேர்முகத்தில் அவருக்கு எத்தனை போட்டார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியாது. விதி இருந்தது, வழி இருந்தது, அது எங்களுக்குத் தெரியவில்லை என்பதுதான் விஷயம். தீர்ப்பைத் தமிழில் சொல்லச் சொல்ல அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்போ என் மார்க்கு குறைச்சல் இல்லையாடா?" "இல்லேண்ணா" என்றேன். "அப்பா இருக்கிறப்போ இது கிடைச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

பணமும் பரீட்சையும்

அடுத்த காலகட்டத்தை வேகமாகக் கடக்கிறேன். 1970களில் கர்நாடகத்தில் தனியார் கல்லூரிகள் பெருகின. தராசின் ஒரு தட்டில் பணம் ஏறியது. 1984ல் நன்கொடையைத் தடை செய்து மாநில அரசு சட்டம் போட்டது. அதற்குப் பிறகும் உறவுக்காரப் பையனுக்காக நான் போன ஒரு கல்லூரி அலுவலகத்தில், ரசீது கிடையாது என்ற நிபந்தனையோடு ஒரு தொகை சொன்னார்கள். எங்கள் கடைச் சரக்கு முழுவதையும் விற்றாலும் அது வராது.

1992ல் மோகினி ஜெயின் வழக்கில் கணக்கு வெளிச்சத்துக்கு வந்தது. தனியார் மருத்துவக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு மாணவருக்கு ஆண்டுக் கட்டணம் 2,000 ரூபாய். மற்றக் கர்நாடக மாணவருக்கு 25,000. வெளிமாநிலத்தாருக்கு 60,000. நன்கொடை வாங்குவது சட்டவிரோதம் என்றது உச்ச நீதிமன்றம். 1993ல் உன்னிகிருஷ்ணன் தீர்ப்பு பாதி இடத்தை இலவசம், பாதியைக் கட்டண இடம் என்று வகுத்தது. இரண்டுக்கும் தகுதி வரிசை வேண்டும் என்பதால் 1994ல் கர்நாடகத்தில் பொது நுழைவுத் தேர்வு, அதாவது சி.இ.டி., வந்தது. அந்தத் தேர்வு வழியே நம் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் பலர் நன்கொடை கொடுக்காமல் இன்ஜினியர் ஆனார்கள்.

சி.இ.டி.யில் பொறியியல் ரேங்குக்குப் பி.யூ.சி. மார்க்கு பாதி, நுழைவுத் தேர்வு பாதி. இந்தப் பாதிக்குப் பாதி விதியும் நிலையானது அல்ல என்பதை 2021ல் பார்த்தோம். கொரோனாவால் பி.யூ.சி. பரீட்சை நடக்கவில்லை, அந்த வருடம் நுழைவுத் தேர்வு மார்க்கு மட்டும். 2022ல் அதே பழைய மாணவர்கள் மறுபடி எழுதியபோது, அவர்களுடைய பி.யூ.சி. மார்க்கைச் சேர்க்கவில்லை. சுமார் 24 ஆயிரம் பேருடைய ரேங்கு சரிந்தது. உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் ஒரு சமரசக் கணக்கு வந்தது. 1963ம் 2022ம் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. இரண்டிலும் கோர்ட்டுக்குப் போக வழி தெரிந்தவர் பிள்ளைதான் விடியலைக் கண்டது.

ஐ.ஐ.டி., என்.ஐ.டி. கதையும் இப்படியே. 2013 முதல் 2016 வரை என்.ஐ.டி. ரேங்கில் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்குக்கு 40 சதவீதப் பங்கு இருந்தது. 2017ல் எடுத்துவிட்டார்கள். இப்போது 75 சதவீதம் என்பது வாசற்படி மட்டும், ரேங்கு ஜே.இ.இ.யில். மருத்துவத்துக்கு நீட். அரியலூர் மாணவி அனிதா 1200க்கு 1176 வாங்கியவர். தமிழ்நாட்டுக்கு விலக்கு கிடைக்கும் என்று ஆகஸ்டு வரை நம்பவைத்துவிட்டு, கடைசியில் நீட்தான் என்றார்கள். 2017 செப்டம்பர் 1ஆம் தேதி அந்தப் பெண்ணை நாம் இழந்தோம்.

கடல் கடந்த இரண்டு உதாரணம்

அளவுகோலை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பது தமிழருக்கு நன்றாகத் தெரிந்த பாடம். இலங்கையில் 1971 சேர்க்கையில் தரப்படுத்தல் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். மருத்துவத்துக்குத் தமிழ் மொழி மாணவர் 250 மார்க்கு எடுக்க வேண்டும். சிங்கள மொழி மாணவருக்கு 229 போதும். ஒரே பரீட்சை, இரண்டு வாசற்படி. அந்தக் காயம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை இங்கே நான் சொல்லத் தேவையில்லை.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1920களில் யூத மாணவர்கள் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஆகிவிட்டார்கள். தலைவர் லோவெல் அதைக் குறைக்க விரும்பினார். பரீட்சையில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆகவே குணநலம், ஆளுமை என்று கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் சேர்த்து எடை போட்டார்கள். எண்ணிக்கை குறைந்தது.

இவற்றைப் பார்த்தால் எனக்கு ஒன்று புரிகிறது. வேறு ஒன்றைச் சேர்த்து எடை போடுவது எல்லாமே தீமை அல்ல. 1963ன் வருமான வரம்பு ஏழைக்கு உதவ எழுதப்பட்ட விதி. எழுத்தில் இருந்தது, கணக்கில் காட்டலாம். நேர்முகத்தின் 75 அப்படியல்ல. யார் மனதில் என்ன இருந்தது என்று எந்தப் பேரேட்டிலும் பார்க்க முடியாது.

நமக்கு எந்தத் தராசு?

இப்போது நம் வீடுகளுக்கு வருகிறேன். 1963ல் அப்பா சென்னைப் பத்திரிகை படித்த மாதிரி, இன்று நாம் சென்னைத் தொலைக்காட்சி பார்க்கிறோம். கட்ஆஃப் 200க்கு எத்தனை என்கிறார்கள். அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீதம் என்கிறார்கள். 69 சதவீத ஒதுக்கீடு என்கிறார்கள். எல்லாம் தமிழ்நாட்டு விதி. நம் பிள்ளை நிற்பதோ கர்நாடக வாசலில். கடையில் என்னிடம் கேட்கிறவர்களில் பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் வருகிறார்கள். ஆகவே சில விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று. கர்நாடக ஒதுக்கீட்டுக்குப் பிரதான விதி, குறைந்தது 7 வருடம் இங்கே படித்திருக்க வேண்டும் என்பது. நல்ல பள்ளி என்று பத்தாம் வகுப்புக்குப் பின் பிள்ளையை வேலூருக்கோ திருப்பத்தூருக்கோ அனுப்புகிறவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும். வேறு விதிகளும் உண்டு. அவற்றுக்கு வேறு சான்றுகள் கேட்பார்கள்.

இரண்டு. ஒரு மாநிலத்துச் சாதிச் சான்றிதழ் இன்னொரு மாநிலத்தில் அப்படியே செல்லாது. 1990ல் ஆந்திரப் பழங்குடி மாணவர் ஒருவர் பம்பாய் மருத்துவக் கல்லூரிக்குப் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. தாத்தா ஊரில் வாங்கிய சான்றிதழை நம்பிக் கடைசி நாளில் நிற்காதீர்கள். கர்நாடகப் பட்டியலில் ஆதி திராவிடர் பெயர் உண்டு. இங்கத்திய தாசில்தார் அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்க வேண்டும்.

மூன்று. சி.இ.டி.யில் முதல் 10 வகுப்புகளைக் கிராமப்புறத்தில் படித்தவருக்கு 15 சதவீதமும், கன்னட வழியில் படித்தவருக்கு 5 சதவீதமும் உள் ஒதுக்கீடு உண்டு. நகரசபை எல்லைக்குள் தமிழ் வழியிலோ ஆங்கில வழியிலோ படித்த நம் பிள்ளைக்கு இரண்டும் கிடையாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. இல்லாததை எதிர்பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நான்கு. எந்தப் படிப்புக்கு மார்க்கு பாதிப் பங்கு, எதற்கு வெறும் வாசற்படி என்று தெரிந்துகொண்டு பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். நீட் எழுதப் போகும் பெண்ணைப் பன்னிரண்டாம் வகுப்பில் 2 மார்க்கு குறைந்ததற்காக அழவைப்பதில் பொருளே இல்லை.

நம் சங்கம் பொங்கல் விழா நடத்துகிறது, பரிசு கொடுக்கிறது, மலர் போடுகிறது. அதோடு ஏப்ரல் முதல் ஜூலை வரை, வாரத்தில் இரண்டு நாள் மாலையில், சங்கக் கட்டடத்தில் ஒரு மேசை போட வேண்டும் என்பது என் வேண்டுகோள். அந்த வருடத்து அரசாணையையும் விதிப் புத்தகத்தையும் கன்னடத்திலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் படித்து, தகப்பனார்களுக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். சம்பளம் வேண்டாம். கடை சாத்தியபிறகு நான் வருகிறேன். என் அண்ணனுக்கு இப்போது 80 வயது. கண் கொஞ்சம் மங்கல், காது நன்றாகக் கேட்கிறது. சொன்னதும் வருகிறேன் என்று ஒத்துக்கொண்டார். யாராவது ஒரு தகப்பனார் மார்க்கு லிஸ்டைக் காட்டிப் பையனைத் திட்டினால், அவருக்குப் பதில் சொல்கிற வேலையை அண்ணனே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.